கடல் பார்த்த சுவர்

"அடிச்சுக்கோ" என்று அம்மா சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

துறைமுகத் தெருவின் எல்லா வீடுகளுக்கும் வெள்ளை, கதவுக்கு மட்டும் நீலம் என்று நகராட்சி முடிவு செய்திருந்தது. போட்டோவில் ஊர் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். பெயின்ட் வேலை சின்னவனுக்குக் கிடைத்தது. அவன் தொழிலுக்கு வந்து கிடைத்த முதல் பெரிய வேலை அது. வீடுகள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சியது அவன் பிறந்து வளர்ந்த வீடு. கடலைப் பார்த்த அதன் மஞ்சள் சுவர்.

"ஊர்ல எந்தச் சுவத்துல வேணா கை வை. இதுல வைக்காதே" என்று பெரியவள் குதித்தாள்.

"உனக்கென்ன! மஞ்சள் வீட்டுக் கதையைச் சொல்லியே பொழைக்கிறவ."

சுருக்கென்று தைத்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் வேலை. அந்தச் சுற்றில் கடைசியாகக் காட்டுவது அந்த வீட்டைத்தான். அவளும் பதிலுக்கு என்னென்னவோ சொன்னாள். இருவரும் கத்திக் களைத்த பிறகுதான் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த ஒரு வார்த்தையைச் சின்னவனைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பவும் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான்.

"வாசக் கதவை அவனைப் பூட்டச் சொல்லும்மா."

"ஏன், அவளுக்குக் கை சுளுக்கிக்கிச்சா, கேளும்மா."

வயதான காலத்தில் அம்மாவுக்குத் தந்தி ஆபீஸ் உத்தியோகம்!

அன்று சுவருக்கு நாள் குறித்திருந்தார்கள். சாரம் கட்டும் சத்தம் கேட்குமுன் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று பெரியவள் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினாள். வானம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் படகுத்துறைக்குப் போனால், அங்கே மாமா தன் சின்னப் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தனி ஆள், தனிப் படகு. மற்ற படகுகளுக்கெல்லாம் திரையில் கோடு போட்டு வழிகாட்டும் கருவி வந்துவிட்டது. மாமா வாங்கவில்லை. மகராசன் கைப்பேசியைக்கூட வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போவார். கேட்டால், "யாரும் கூப்பிடக் கூடாதுன்னுதானே நான் கடலுக்கே போறேன்" என்பார். ஊரில் அவருக்கு நேர்கோடு என்று பட்டப்பெயர்.

"என்ன, காலங்காத்தால மூஞ்சி தொங்கிக் கெடக்கு? தம்பியோட இன்னும் ராசியாகலையா?"

"அவன் வந்து பேசட்டும் மாமா."

"சரிதான். உங்கப்பனோட பிடிவாதத்தை ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியா பங்கு போட்டுக்கிட்டீங்க."

சுவர் விஷயத்தைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தம்பி சொல்லியிருப்பான். நேற்று மாலைகூட அவனும் மாமாவும் மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்களே! தவிர, அந்தச் செய்தியைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

படகு நகர்ந்த பிறகு மாமா திரும்பி ஏதோ கத்தினார். எஞ்சின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"தெரு வெள்ளையானதும் ஒரு விதத்துல நல்லதுதான். நம்ம மஞ்சள் இப்ப தனியாத் தெரியுது!"

அவள் கையை ஆட்டினாள். மாமா சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. தம்பிக்குக் கொடுக்க வேண்டிய பதிலை அவள் அப்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வந்த கூட்டம் சின்னதுதான். பழைய சுங்கச்சாவடியில் தொடங்கினாள். இப்போது தபால் நிலையமாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் முன்கூடத்தில் அந்தக் காலத்தில் மூட்டை நிறுத்த தராசுக் கொக்கி இன்னும் தொங்குகிறது. பிறகு படகுத்துறை. இரும்புக் கம்பங்களில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்களில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள். யாருமே விரலை உடனே எடுப்பதில்லை. அதன் பிறகு மூச்சுவாங்கி. மேட்டுத் தெருவுக்கு ஏறும் படிக்கட்டுக்கு ஊர் வைத்த பெயர் அது. பாதியில் நின்று இடுப்பில் கையை வைத்து எல்லோரும் இளைக்கும்போது பெயரைச் சொன்னால் சிரிப்பு வரும்.

மேலே நின்று கடலைக் காட்டினாள்.

"அங்கே தெரியுது பாருங்க, ரெண்டு பாறை. அக்கா பாறை, தங்கச்சி பாறை. ரெண்டுக்கும் நடுவுலதான் வழி. ஒரு படகு போனா இன்னொண்ணு காத்திருக்கணும். ரொம்பக் காலத்துக்கு முன்னாடி அந்தப் பாறையில ஒரு சரக்குக் கப்பல் ஏறிடுச்சு. ஆளுங்க எல்லாரும் தப்பிச்சுட்டாங்க, பயப்படாதீங்க. சரக்குதான் போச்சு. என்ன சரக்கு தெரியுமா? பெயின்ட்!"

கதை எப்போதும்போல் பிடித்துக்கொண்டது. அலை கொண்டுவந்து போட்ட டப்பாக்களை யார் யார் எடுத்தார்களோ அவரவர் தங்கள் வீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். உப்புக்காற்றில் அரித்துப்போன கல் நிறத்தில் கிடந்த தெரு, பச்சையும் சிவப்பும் நீலமுமாக மாறிப்போனது. மஞ்சள் டப்பா கிடைத்தது ஒரே ஒரு குடும்பத்துக்கு. அந்த வீடு பாறை வழிக்கு நேர் எதிரே இருந்தது. கொஞ்ச நாளில் படகுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மஞ்சள் வீட்டை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு வந்தால் பாறையில் இடிக்காது. அன்று முதல் மற்ற வீடுகள் இஷ்டத்துக்கு நிறம் மாறின, மஞ்சள் வீட்டை மட்டும் மாறவிடவில்லை.

கதையில் அவள் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. அவளுடைய அப்பா அந்த வழியில்தான் போனார். கடலும் வானமும் ஒன்றாகக் கலந்த ஒரு மழை நாளில், அவருடைய படகு அக்கா பாறையில் மோதி உடைந்தது. அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். அதற்குப் பிறகு எத்தனை கஷ்டம் வந்தாலும், மழைக்காலம் தொடங்குமுன் அம்மா அந்தச் சுவருக்கு மஞ்சள் பூசத் தவறியதில்லை. அவளே ஏணியில் ஏறுவாள். சின்னவன் வளர்ந்து அவள் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டான். அவன் பெயின்டர் ஆனதே அப்படித்தான்.

ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

மதியத்துக்கு மேல் கூட்டத்தை அழைத்துக்கொண்டு அவள் துறைமுகத் தெருவுக்கு இறங்கினாள். வேறு வழியில் அழைத்துப் போயிருக்கலாம். கால் பழக்கத்துக்கு அங்கேயே போய் நின்றது.

சாரம் கட்டியிருந்தது. சுவரில் மஞ்சளை அடியோடு சுரண்டி முதல் பூச்சு வெள்ளை அடித்து முடித்திருந்தான். கூட வேலை செய்தவர்கள் சாப்பிடப் போயிருக்க, சின்னவன் மட்டும் மேல் பலகையில் உட்கார்ந்திருந்தான். வேலை முடித்தவன் முகமாக அது இல்லை.

"மஞ்சள் வீடுன்னு சொன்னீங்களே, எதும்மா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

"இதுதான்" என்றாள் பெரியவள்.

அப்போதுதான் காற்று திசை மாறியது. கடலின் கோடியில் சாம்பல் நிறத்தில் எழுந்த மழை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறைகளை விழுங்கியது. வெளியூர்க்காரர்கள் தபால் நிலைய முன்கூடத்துக்கு ஓடினார்கள். படகுகள் ஒவ்வொன்றாக, திரையைப் பார்த்துக்கொண்டே, அடித்துப் பிடித்து உள்ளே வந்தன. அவள் துறைக்கு ஓடிப்போய், வந்தவர்களிடம் மாமாவைப் பற்றிக் கேட்டாள். நேர்கோட்டைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அது மழைக்கு முன்பு. திரும்பப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு அவர் கடலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். துறைமுக வாயில் பச்சை விளக்கு இருட்டினால்தான் தானாக எரியும். இது பட்டப்பகல்.

அவள் வீட்டுக்கு ஓடிவந்தாள். அம்மா மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என் தம்பி வந்துட்டானா?"

"இல்லம்மா."

அம்மா கீழே குனிந்து சுவரைப் பார்த்தாள். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், தெரு முழுக்கப் பார்த்தாள். ஒரே வெள்ளை.

"சுவரு இன்னைக்கு மாறுதுன்னு அவன்கிட்ட சொல்லியாச்சில்ல?"

அந்த வாரத்தில் முதல்முறையாக அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ சொல்லலையா?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"காலையில நீதானேக்கா அவரைத் துறையில பாத்தே?"

"நேத்து டீ குடிச்சப்ப நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்டா."

"நீ சொல்லியிருப்பே, என்னைத் திட்டித் தீர்த்திருப்பேன்னுதான் நான் அந்தப் பேச்சையே எடுக்கல."

நம்ம மஞ்சள் இப்ப தனியாத் தெரியுது. காலையில் மனசில் விழாத வார்த்தை இப்போது விழுந்தது. நாமே கொன்றுவிட்டோம் என்று நினைத்தாள். அப்பாவைக் கொண்டுபோன பாறைக்கு மாமாவையும், அதுவும் ஒரு வாய் வார்த்தை சொல்ல வீம்பு பிடித்து, தாரை வார்த்துவிட்டோம்.

அம்மா அழவில்லை. "மஞ்சள் மிச்சம் இருக்கா?" என்றாள்.

"மாடிப்படிக்குக் கீழே போன வருஷத்து வாளி ஒண்ணு கெடக்கு. பாதிதான் இருக்கும்."

"எடுத்துட்டு வா."

"அம்மா, அது தண்ணிப் பெயின்ட். இந்த மழையில சுவத்துல நிக்காதும்மா."

"நிக்க வேணாம்டா. அவன் வந்து சேர்ற வரைக்கும் ஓடினாப் போதும்."

சின்னவன் சாரத்திலிருந்து குதித்து உள்ளே ஓடினான். வாளியின் மேல் ஏடு கட்டியிருந்தது. ஒரு குச்சியால் கிழித்தெறிந்தான். உள்ளே மஞ்சள் அப்படியே இருந்தது. ஒரு சட்டியில் கொஞ்சம் ஊற்றி மாடிக்கு அனுப்பிவிட்டு, மீதியோடு சாரத்தில் ஏறினான்.

பெரியவளும் ஏறினாள். நாற்காலியில் ஏறினாலே தலை சுற்றும் அவளுக்கு.

"அக்கா, மேலயும் பாக்காதே, கீழயும் பாக்காதே. சுவத்தை மட்டும் பாரு."

"உளறாம ரோலரைக் குடு."

மழை தெருவுக்கே வந்துவிட்டது. ரோலரால் இழுத்த இடமெல்லாம் மஞ்சள் ஒட்டியும் ஒட்டாமலும் வழிந்தது. மேலே ஜன்னலிலிருந்து அம்மா சட்டியைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினாள். கையை முழுசாக விட்டு எட்டிய இடமெல்லாம் தேய்த்தாள். மழைத் தண்ணீரே அதை இழுத்துக்கொண்டு போய்ச் சுவர் முழுக்கப் பரப்பியது. வெள்ளைச் சுவரில் மஞ்சள் பட்டை பட்டையாக இறங்கி, கீழே தெருவில் ஓடி, சாக்கடையில் விழுந்தது. நாளைக்கு நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்தால் சின்னவன் கதி என்ன ஆகுமோ. அதை நினைக்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

தபால் நிலையத்தில் ஒதுங்கியவர்களில் ஒருவர் இதைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார்.

"இடது ஓரம் வெளுக்குதுக்கா!"

"வாளியில இல்லடா."

"சுரண்டி எடு. அடியில இருக்கும்."

சுரண்டினாள். கையாலேயே அள்ளி அப்பினாள். அழுதுகொண்டே அப்பினாள். மாமா, இங்கே பாரு மாமா. இங்கே பாரு. சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து ஊரைப் பார்த்த ஞாபகம் எதற்கோ அப்போது வந்தது. வாளி காலியானது. மேலே சட்டியும் காலியாகிவிட்டது. இனி மழை கழுவக் கழுவ வெள்ளைதான்.

அப்போது சின்னவன் அவள் கையைப் பிடித்தான். "கேளு."

மழைச் சத்தத்துக்கு அடியில் ஒரு எஞ்சின் சத்தம். இருமி இருமி வந்தது. சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து முதலில் படகின் மூக்கு தெரிந்தது. பிறகு, நின்றபடி அதைப் பிடித்திருந்த ஆள். பாறைகள் இரண்டும் அவருக்கு இரண்டு பக்கமும் நுரைத்தன. அந்தப் பக்கமும் சாயவில்லை, இந்தப் பக்கமும் சாயவில்லை. கோடு போட்டதுபோல நேராக வீட்டைப் பார்த்து வந்தார் மாமா.

மூன்று பேரும் துறைக்கு ஓடியபோது மழை கொஞ்சம் தணிந்திருந்தது. மாமா கம்பத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை மஞ்சள்.

"என்னக்கா கோலம் இது? வீட்டுக்கு என்ன ஆச்சு? தெருவே காணோம். சரி, இன்னைக்கு நம்ம கதை முடிஞ்சுதுன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். அப்புறம் பாத்தா மஞ்சளா என்னமோ வழியுது."

அம்மா அவர் மார்பில் ஒரு அடி வைத்தாள். பிறகு அதே கையால் அவர் தலையைத் துவட்டப் போய், தலை முழுக்க மஞ்சளாக்கினாள். சின்னவன் குற்றவாளிபோல் நின்றான். பெரியவள் சொல்ல வாயெடுத்தாள். மாமா கையை அசைத்துத் தடுத்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அம்மாதான் பேசினாள். யாரும் எதிர்பாராததைப் பேசினாள்.

"அன்னைக்கு அவருக்குத் தெரியாமப் போச்சு, இல்லடா?"

"எது அக்கா?"

"நம்ம சுவரு. மஞ்சள் வெளுத்துப்போச்சு, அடிச்சிடலாம்னு அவரு ரெண்டு மூணு தடவை சொன்னாரு. நான்தான் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போட்டேன். அந்த வெளுத்த சுவரு மழையில தெரியாமத்தானே அவரு பாறையில போயி..."

அம்மா வருஷா வருஷம் ஏணியில் ஏறியது எதற்கென்று பிள்ளைகள் இருவருக்கும் அன்றுதான் விளங்கியது. இப்படி ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டா இவள் நமக்குச் சோறு போட்டாள் என்று பெரியவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

மாமா படகின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அடப்பாவமே. இதையா இத்தனை வருஷமா மனசுக்குள்ள போட்டுப் புழுங்கிட்டு இருந்தே? அக்கா, என்னைப் பாரு. அன்னைக்கு வீடு தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது. அதைப் பாத்துத்தான் நான் உள்ளே வந்தேன். அத்தான் படகு எனக்குப் பின்னாலயே வந்துச்சு. 'டேய், வீடு தெரியுதுடா'ன்னு கத்துனாரு. சிரிச்சாரு. இப்பவும் அந்தச் சத்தம் என் காதுல இருக்கு."

அம்மா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் போன நாளில்கூட, இடுப்பில் பிள்ளை பயந்துவிடுமே என்று வாய்விட்டு அழாதவள். இன்று அழுதாள். ஊரே கேட்கும்படி அழுதாள். சின்னவன் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பெரியவள் தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆனால் அழுகையின் நடுவே ஒன்று அவளை நெருடியது. ஊருக்கு எத்தனையோ தடவை கதை சொன்னவள் அவள். கதையில் ஓட்டை விழுந்தால் அவளுக்குத் தெரியும்.

"மாமா, வீடு தெரிஞ்சுதுன்னா அப்பா ஏன் பாறைப் பக்கம் போனாரு?"

மாமா கயிற்றைக் குனிந்து பார்த்தார். கட்டிய முடிச்சையே மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

"வாய் தவறிட்டேன். விடு."

"மாமா."

"வழி தெரியாம ஒண்ணும் போகலம்மா அவரு. பின்னால இன்னொரு படகு வந்து சேரலைன்னு படகைத் திருப்பினாரு. திரும்பி வெளியே போனாரு."

"அந்த மழையிலயா? வீட்டைப் பாத்த பிறகா? யாருக்காக?"

மாமாவின் பார்வை துறையைத் தாண்டி, வெள்ளையடித்த தெருவின் கோடியில் எங்கோ ஒரு வீட்டில் போய் நின்று, சட்டென்று திரும்பிக்கொண்டது.

அம்மாவின் அழுகை நின்றிருந்தது. தரையில் கையை ஊன்றி எழுந்து வந்து, மஞ்சள் காயாத விரல்களால் தம்பியின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"சொல்லுடா" என்றாள்.